எனக்குப் புரியாத பக்கம்

தை 5, சனி

என் பேத்தி சிந்துஜா இந்த டைரியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கதை எழுதுவதற்கு அல்ல, வேலை செய்வதற்கு. அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் எங்கள் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு நோட்டீஸ் அடிக்கப் போகிறது. கையேடு என்று சொல்ல வேண்டுமாம். கலர் படங்களோடு நாலைந்து மடிப்பு. வெயில் ஏன் கூடுகிறது, கடல் ஏன் ஏறி வருகிறது, கிணறு ஏன் உப்பாகிறது, மணலையும் ஆமையையும் எப்படிக் காப்பது, எல்லாம் அதில் வரும். மாசி மகத்தன்று சாமிகள் கடலாட வரும்போது கூட்டத்தில் கொடுப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் நான் படிக்க வேண்டும். புரியாத வார்த்தையை இந்த டைரியில் குறிக்க வேண்டும். எனக்குப் புரியாதது அச்சுக்குப் போகாது. அவர்களுடைய தலைவர் தாமோதரன் சார் போட்ட சட்டம் இது.

ஊரில் காலேஜ் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க என்னை எதற்குடி என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"படிச்சவங்க புரியாட்டியும் தலையாட்டுவாங்க ஆயா. நீ ஆட்ட மாட்ட" என்றாள்.

சரிதான். அஞ்சலாட்சி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மகளிர் குழுவுக்குத் தலைவி, கலெக்டர் கையால் பொன்னாடை வாங்கியவள். யாருக்காகவும் தலையாட்டிப் பழக்கமில்லை.

தை 9, புதன்

புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் முதல் கூட்டம். இனி புதன்தோறும் நடக்கும். குழுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் உரக்கப் படித்தேன். "உப்புநீர் ஊடுருவல்" என்று ஒரு வார்த்தை. கிணற்றில் உப்பு ஏறுகிறது என்று போடுங்கள் என்றேன். தாமோதரன் சார் உடனே எழுதிக்கொண்டார். "தகவமைத்துக்கொள்ளுதல்" என்று ஒன்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, பெண்கள் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக் காத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொறாமை தாங்கவில்லை. "அஞ்சல தொண்டையச் செருமுற செருமல்ல ரேடியோப் பொட்டி தோத்துடும்" என்றாள். எனக்குக் கொடுத்த டீயில் பாதியை அவள்தான் குடித்தாள்.

தை 12, சனி

காயவைத்த நெத்திலி பனியில் ஈரமாகிவிட்டது. திருப்பிப் போட்டேன். சிந்துஜா சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாள். எழுத்து கல்வெட்டு மாதிரித் தெரிகிறது.

தை 16, புதன், அமாவாசை

இன்று கூட்டம் இல்லை. எல்லாரும் மரத்துக்குப் போனோம்.

யாராவது பிற்பாடு இதைப் படித்தால் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். பெரிய அலை வந்தபோது சிந்துஜா கைக்குழந்தை. சொசைட்டி கட்டடத்துப் படியில் காத்தாயி நின்றிருந்தாள். என் மகள் பூங்கோதை கீழே தண்ணீரில் நின்றபடி பிள்ளையை அவளிடம் தூக்கிக் கொடுத்தாள். அடுத்து கையை நீட்டுவதற்குள் அவள் இல்லை. காத்தாயியின் இரண்டு பையன்களும் கரையில் இருந்தார்கள். அவர்கள் கிடைத்தார்கள், பொதுக்குழியில் போட்டோம். கோதை கிடைக்கவில்லை. வீடு போனதோடு அவளுடைய போட்டோக்களும் போய்விட்டன. மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அதில் ஒன்றும் குறை சொல்வதற்கில்லை.

மறுவருஷம் வெளியூர்க்காரர்கள் லாரியில் சவுக்குக் கன்று கொண்டுவந்தார்கள். இனி அலை வந்தால் மரம் தடுக்கும் என்றார்கள். கரையோரம் நீளமாக இருந்த மணல் மேட்டை மெஷின் விட்டுத் தட்டிச் சமமாக்கினார்கள். ஆனால் நடுவதற்கு ஒரு ஆள் வரவில்லை. யாருக்கு மனசு இருந்தது? நான்தான் வீடு வீடாகப் போனேன். போனவர்கள் பேரில் ஆளுக்கொரு கன்று வைப்போம் என்றேன். மறுநாள் ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றது. பொன்னாடை அதற்குத்தான்.

கோதையை முன் வரிசையில் வைத்தேன். அவள் திரும்பி வந்தால் தன் மரம் முதலில் தெரியட்டும் என்று அப்போது நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அவரவர் மரத்தடியில் படையல். இந்த வருஷம் முன் வரிசையில் பல மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கடல் கீழே அரித்து, படிக்கட்டு வெட்டியது போல் ஆக்கியிருக்கிறது. கோதையின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிகிறது. வேரின் மேல் மண் அள்ளிப் போட்டேன். சிந்துஜா இலையில் சோறு வைத்துக் கும்பிட்டாள். பிறகு செல்போனில் தோப்பைப் படம் எடுத்தாள். என்னையும் சேர்த்து எடுடி என்றேன். "நீ கொஞ்சம் தள்ளிக்கோ ஆயா" என்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. கையேட்டுக்கு அட்டைப்படம் எடுக்கிறாள் போல, அதனால்தான் இவ்வளவு கவனம்.

தை 23, புதன்

அட்டைப்படம் இல்லை.

"செய்யக்கூடாதவை" என்று ஒரு பக்கம். அதில் எங்கள் தோப்பு. படத்தின் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. குறியின் ஒரு கோடு கோதையின் மேல் போகிறது.

எழுதியிருந்தது இது: "கடலோர மணல் மேடுகளை அகற்றிச் சவுக்கு பயிரிடுவது மணல் சேர்வதைத் தடுத்து, கரை அரிப்பை அதிகப்படுத்துவதோடு ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் அழிக்கிறது."

பெண்கள் காத்திருந்தார்கள். நான் மனசுக்குள் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். எனக்குப் புரியவில்லை என்றேன்.

தாமோதரன் சார் எந்த வார்த்தை என்று கேட்டார். எல்லாமே என்றேன். சிந்துஜா என்னைப் பார்க்கவில்லை. எளிமையா எழுதிக்கிட்டு வரேன் சார் என்று தாளை எடுத்துக்கொண்டாள்.

வரும் வழியில் காத்தாயி, "அந்தப் பக்கத்துல என்னடி போட்டிருக்கு? நம்ம தோப்பு மாதிரித் தெரிஞ்சுதே" என்றாள்.

மரம் நல்லது என்று போட்டிருக்கிறது என்றேன்.

தை 24, வியாழன்

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. சிந்துஜாவுக்குப் பிடித்த இறால் தொக்கு செய்தேன்.

தை 30, புதன்

மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். "மணல் மேட்டைத் தட்டிவிட்டுச் சவுக்கு வைத்தால் மணல் சேராது. கரை அரிக்கும். ஆமை முட்டையிட இடம் இருக்காது."

புரியவில்லை.

தாமோதரன் சார் நல்ல மனுஷர். எங்கம்மா புரியல என்று பொறுமையாகக் கேட்டார். சவுக்கு வேர் மண்ணைப் பிடிக்கும் என்று அப்போது சொன்னவர்களும் உங்களை மாதிரிப் படித்தவர்கள்தானே, அது எப்படிப் பிடிக்காமல் போனது என்றேன். அப்போது அப்படி நினைத்தோம் அம்மா, தப்பாகிவிட்டது என்றார். அதுதான் எனக்குப் புரியவில்லை என்றேன். கூட்டம் முடிந்துவிட்டது.

மாசி 3, சனி

விடிந்ததும் கரைக்குப் போயிருந்தேன். முட்டையிட வரும் பங்குனி ஆமை ஒன்று ஏறிய தடம் இருந்தது. தடத்தோடு போனால் ஆமையும் அங்கேயே இருந்தது. கடல் அரித்த அந்தப் படியில் முட்டி முட்டி நின்றது. சாய்ந்த மரத்தைச் சுற்றிப் போய் இன்னொரு இடத்தில் முட்டியது. பிறகு திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. அதற்கு என்ன அவசரமோ.

இதைச் சிந்துஜாவிடம் சொல்லவில்லை. ஆமை வருவதும் போவதும் புதிதா என்ன.

வீட்டுக்கு உப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மாசி 7, புதன்

மூன்றாவது தடவை. "முன்பு நம் கரையில் மணல் மேடு இருந்தது. அது அலையை மறித்தது. அதைத் தட்டிவிட்டு மரம் வைத்தோம். மரம் அலையை மறிக்காது."

புரியவில்லை என்றேன்.

அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். மாசி மகத்துக்குள் வந்தாக வேண்டும். தாமோதரன் சார், இந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சிந்துஜா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நான் சொன்னது நடந்தது. பாயசம் வைத்தேன். சிந்துஜாவுக்குப் பசி இல்லையாம்.

மாசி 16, வெள்ளி

நேற்று அமாவாசை. காற்றும் இல்லை, மழையும் இல்லை. கடல் மட்டும் காலையில் எழுந்து தெருவுக்குள் வந்தது. தோப்புக்கு ஊடாகத்தான் வந்தது. மரமெல்லாம் நிற்கிறது, தண்ணீர் பாட்டுக்கு இடுக்கில் நடந்து வருகிறது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. காத்தாயியின் வீட்டுக் கடலோரச் சுவர் ஊறி உள்ளே விழுந்தது. நல்லவேளை, அவள் அப்போது தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பானை சட்டி எல்லாம் சேறு. ஒரு பாயும் இரண்டு புடவையும்தான் மிஞ்சியது. சாயங்காலம் வரைக்கும் பாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மரம் நல்லதுன்னுதான போட்டிருக்குன்னு சொன்ன. அப்பறம் ஏண்டி மறிக்கல?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் வைக்கவே இல்லை.

மாசி 18, ஞாயிறு

காத்தாயி சுவர் விழுந்ததைக் காட்ட ஊர்த் தலைவர் நாட்டார் வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் சிந்துஜா அவளுடைய சேற்றுப் புடவையை அலசிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"ஆயா, அந்தப் பக்கம் ஒனக்கு மொத தடவையே புரிஞ்சிடுச்சு."

நான் புடவையை உதறினேன்.

"உப்புநீர் ஊடுருவலையே ஒரே மூச்சுல திருத்துன. ஒனக்குச் சவுக்கு புரியாதா?"

"தெரிஞ்சேதான் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டு வந்தியா?"

"ம்."

"என்னை அழ வைக்கவா?"

அவள் புடவையைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி முடிந்தும் பிழிந்துகொண்டே இருந்தாள். "எப்படி எழுதுனா எனக்கு வலிக்காதுன்னு பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீ புரியலன்னு சொன்னியா, அப்பாடான்னு இருந்துச்சு. இன்னொரு வாரம் அம்மா நிப்பாங்கல்ல."

துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். மேடு இருந்தபோதும்தானே அலை வந்தது, உன் அம்மாவைக் கொண்டுபோனது என்று கேட்டேன். இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகள் நின்றன என்றாள். படகு இழுப்பதற்காக நாங்கள் மேட்டை வெட்டிப் பாதை போட்டிருந்தோம் அல்லவா, அந்தப் பாதை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வந்தது என்றாள். எங்கள் பழைய வீடு அந்தப் பாதையின் முனையில் இருந்தது. இது அவளுக்கு எப்படித் தெரியும்? பழைய வரைபடம் பார்த்தாளாம். எனக்கு வரைபடம் வேண்டாம். நான் அங்கே குடியிருந்தவள்.

கையேடு இன்னும் அச்சாகவில்லை அல்லவா, அந்தப் பக்கத்தைப் போடச் சொல் என்றேன். நானே வாசிக்கிறேன். அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியை மட்டும் எடுத்துவிடு. மனுஷர் மேல் போட்ட மாதிரி இருக்கிறது.

"அத நான் அன்னிக்கே எடுத்துட்டேன் ஆயா."

மாசி 21, புதன்

படித்தேன். நாட்டாரும் வந்திருந்தார்.

"நம் கரையில் மணல் மேடு இருந்தது. அதைத் தட்டிவிட்டுச் சவுக்கு வைத்தோம். பிரியப்பட்டுத்தான் வைத்தோம். சவுக்குக்குக் கீழே கொடி முளைக்கவில்லை. மணல் சேரவில்லை. கடல் உள்ளே வருகிறது. ஆமையால் கரையேற முடியவில்லை. முன் வரிசை மரங்களை எடுப்போம். மணலைப் பிடிக்கும் அடப்பங்கொடி படரட்டும். மேடு திரும்ப வளரட்டும்."

"பிரியப்பட்டுத்தான்" என்பது சிந்துஜா சேர்த்தது. அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. மற்றபடி நிறுத்தாமல் படித்தேன்.

ஆமை கரையில் முட்டிக்கொண்டு திரும்பியதைப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

காத்தாயிதான் எழுந்தாள்.

"எம் புள்ளைங்க ரெண்டு பேரும் முன் வரிசையில நிக்கிறானுங்க. வெட்டச் சொல்றியா?"

"எம் மவளும் அங்கதான் நிக்கிறா காத்தாயி."

"அன்னிக்கு என்ன சொன்ன? மரம் நல்லதுன்னு எழுதியிருக்குன்னு சொன்னல்ல?"

"பொய் சொன்னேன்."

"படிக்கத் தெரியாதவகிட்ட" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் ஏசியிருக்கலாம். ஊருக்குத் தெரியும், அவள் ஏச ஆரம்பித்தால் எப்படி ஏசுவாள் என்று.

நாட்டார் கை தூக்கச் சொன்னார். மெதுவாக ஒவ்வொரு கையாக ஏறியது. மாசி மகம் கழியட்டும், பங்குனியில் எடுக்கலாம் என்று முடிவானது. நான் வீட்டுக்கு வந்தபோது காத்தாயியின் பாய் இல்லை. தம்பி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அவளுடைய இரண்டு புடவையும் கொடியில் காய்ந்தபடியே இருக்கின்றன.

மாசி 28, புதன், மாசி மகம்

சாமிகள் வந்தன, கடலாடின. கையேடு கொடுத்தோம். நல்ல தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி என்னைப் படம் எடுத்தார்கள். நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள். இளநீர் விற்கிறவன் ஒரு கையேட்டை விரித்து அதன் மேல் காசு வைத்திருந்தான். அதட்டி வாங்கி மடித்து அவன் பையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

காத்தாயியைக் கூட்டத்தில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பங்குனி 6, வியாழன்

இன்று முன் வரிசை. சிந்துஜா போனாள். நான் போகவில்லை. மெஷின் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. சங்கரா மீன் ஆய்ந்தேன், குழம்பு வைத்தேன், இருவரும் சாப்பிட்டோம். குழம்பில் புளி போடவில்லை என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனி 8, சனி

மத்தியானம் பாயில் சாய்ந்திருந்தேன். சிந்துஜா வந்து பக்கத்தில் படுத்தாள். பெரிய பெண் ஆன பிறகு இப்படி வந்து படுத்ததில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா எப்படி இருப்பாங்க ஆயா?"

சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் கையைப் பிடித்துத் தோப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். பரீட்சை எழுதப் போனாலும், புதுச் சட்டை போட்டாலும் தானாகவே மரத்தடிக்குப் போய்விட்டு வருவாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை.

"உசரமா இருப்பா" என்றேன். "ஒல்லியா, நேரா நிப்பா. எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தாலும் அடையாளம் தெரியும்."

"அதான் நானும் உசரமா இருக்கேனா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நிம்மதியாகத் தூங்குகிறாள். எழுப்ப மனசு வரவில்லை.

நான் எழுந்து வந்து இதை எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கோதையின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். மூக்கு வரவில்லை. குரல் வரவில்லை. பட்டையும் ஊசி இலையும் காற்றுச் சத்தமும்தான் வந்தன. இத்தனை வருஷமும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மகள் குள்ளம். பூசினாற்போல் இருப்பாள். என் தோளுக்கு மேல் அவள் வளரவேயில்லை.